யூலாலியும் வருகிறாள்

பெட்டியில் எட்டுப் பட்டு அங்கிகள்தான் இருக்க வேண்டும். ஒடெஸா மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது இருந்தன.

சாப்பாட்டு அறையின் நீண்ட மேசைமேல் அவற்றை ஒவ்வொன்றாக விரித்தாள். கல்யாணப் பெண் மேவிஸுக்கு வெள்ளை, மற்ற ஏழு பேருக்கும் பீச் பழத்தின் நிறம், ஒவ்வொன்றின் மார்பிலும் தங்க நூலில் அவரவர் பெயர். எட்டுப் பெயர்களையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஒன்பதாவது அங்கி பெட்டியின் அடியில், மெல்லிய தாளுக்குக் கீழே கிடந்தது. 'யூலாலி' என்று அதில் தைத்திருந்தது. அப்படி ஒரு பெயருள்ள யாரையும் அவளுக்குத் தெரியாது. எடுத்து உதறியபோது துணி விரல்களில் ஒட்டியது. பெட்டியின் ஒட்டுநாடாவைச் சற்று முன்னால்தான் அவளே கத்தியால் கிழித்துத் திறந்திருந்தாள். மற்ற எட்டும் மொறமொறவென்று உலர்ந்திருந்தன. இது மட்டும் மழைக்குப் பயந்து கொடியிலிருந்து அவசரமாக உருவிய துணி போல நசநசத்தது.

கடைக்காரர்களின் கவனக்குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்ணிக்கை தப்பினால் அவளால் சும்மா இருக்க முடியாது. மேக்கன் நகரத்துப் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு வழித்தடம் போடுவது அவள் வேலை. எந்த நிறுத்தத்தில் எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று பதினோரு வருடமாகக் கணக்கெடுத்து வருகிறவள். கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு கூடும் மேவிஸின் பேச்சிலரெட் கொண்டாட்டத்தையும் அப்படித்தான் ஐந்து மாதமாகத் திட்டமிட்டிருந்தாள். கடலோர ஊரான சவானாவின் பழைய சதுக்கம் ஒன்றைப் பார்த்து நிற்கும் இந்த நான்கு மாடிச் செங்கல் வீடு, இன்று இரவு வீட்டிலேயே இறால் விருந்து, நாளை ஆற்றில் படகு, ஞாயிறு காலை டைபீ தீவில் கடல் குளியல். எல்லாவற்றிலும் எட்டு. எட்டுக் கட்டில், எட்டு இருக்கை, எட்டுக் கோப்பை. அலங்காரம் செய்து வைப்பதற்காக அவள் மட்டும் காலையிலேயே தனியாகக் கார் ஓட்டி வந்துவிட்டாள். மற்ற ஏழு பேரும் மதியத்துக்கு மேல் மேக்கனிலிருந்து வேனில் கிளம்புவதாக ஏற்பாடு.

கடைக்குப் போன் செய்தாள்.

"ஓ, கல்யாணப் பொண்ணு கோஷ்டியா! எப்படிம்மா, எல்லாம் அளவு சரியா இருக்கா?" என்றாள் தையல்காரி.

"எல்லாம் அழகா இருக்கு. ஒண்ணு மட்டும் கூடுதலா வந்திருக்கு. வேற யாரோடதோ கலந்துபோச்சு போல. யூலாலின்னு பேர் போட்டிருக்கு."

"கலக்கல்லாம் இல்லம்மா. நீதானே செவ்வாய்க்கிழமை போன் பண்ணி, ஒரு பேரு விட்டுப்போச்சு, மன்னிச்சுக்குங்கன்னு சொன்ன? ஒவ்வொரு எழுத்தா சொன்னியே."

"நானா? இல்லையே."

"அஞ்சு மாசமா உன்கூடப் பேசிட்டு இருக்கேன், உன் குரல் எனக்குத் தெரியாதா? பாவம், அழுதுக்கிட்டே வேற பேசுன. எப்படி அவளை மறந்தேன், எப்படி மறந்தேன்னு."

தையல்காரி போனை வைத்த பிறகும் ஒடெஸா தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து சுற்றியது. தெருவில் சுற்றுலாக் குதிரை வண்டி ஒன்று டக் டக்கென்று போனது. சதுக்கத்து ஓக் மரக் கிளைகளில் தாடிபோல் படர்ந்த நரைத்த பாசி, காற்றே இல்லாத அந்த அக்டோபர் நண்பகலில், அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் வற்றும் நேரம் போலிருந்தது. சதுப்பின் சேற்று வாடை ஊருக்குள் நுழைந்து, மூடிய ஜன்னல்களையும் தாண்டி, வீட்டின் மெழுகு மணத்துக்கு அடியில் மெல்லப் படிந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் பேருந்துப் பணிமனையில் பயிற்சி வகுப்பில் இருந்தாள். போனைத் தொடவே இல்லை.

தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "யாருடி இந்த யூலாலி? எவளோ விளையாடுறீங்க."

சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. வேன் ஓட்டப்போகிற டோனெல், கூட்டத்தில் எப்போதும் வாயாடுகிறவள், உடனே பதில் போட்டாள்: "டெஸ், பகல்லயே ஆரம்பிச்சுட்டியா? பாட்டிலைக் கீழ வை." மற்றவர்களும் கேலியில் சேர்ந்துகொண்டார்கள். யூலாலி யார் என்று யாரும் சொல்லவில்லை. அது யார் என்று யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஒடெஸாவும் ஒரு சிரிப்பு முகம் போட்டுவிட்டு, ஈர அங்கியைப் பெட்டியிலேயே திணித்து மூடினாள். பிறகு ஏணி போட்டு ஏறி, சரவிளக்கில் பலூன்களைக் கட்டத் தொடங்கினாள். வேலை செய்தால் மனம் அடங்கும் என்பது அவள் அனுபவம். இரண்டு மணிக்குச் சமையல்காரர் பாய்ஸ் போனில் கூப்பிட்டபோது ஏறக்குறைய அடங்கித்தான் இருந்தது.

"மேடம், சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துடறேன். இறால், சோளம், உருளைக்கிழங்கு, சாசேஜ், எல்லாம் ஒரே பெரிய அண்டால. ஒன்பது பேர், சரிதானே?"

"எட்டு பேர், மிஸ்டர் பாய்ஸ்."

"ஒன்பதுன்னு எழுதியிருக்கேனே." காகிதம் புரளும் ஓசை கேட்டது. "ஆமா, ஒன்பது. அந்த ஒருத்தங்களுக்கு மட்டும் தனியா, வேகவைக்காம. தலையோட, ஓட்டோட, ரெண்டு பக்கெட் பச்சை இறால். நானே கேட்டேனே, அவங்களுக்கு வயித்துக்கு ஒத்துக்குமான்னு. நீங்க சிரிச்சீங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"மேடம்," என்றார் அவர், மரியாதை குறையாத சலிப்போடு, "இருபது வருஷமா சமைக்கிறேன். பச்சையா ரெண்டு பக்கெட் கேட்டவங்க நீங்க ஒருத்தர்தான். அதை நான் தப்பாக் கேட்டிருக்க முடியாது."

எட்டு பேருக்கு மட்டும் சமைத்தால் போதும் என்று அவள் அழுத்திச் சொன்னாள். சரி என்றார். ஆனால் குரலில் அவள்மேல் ஒரு இரக்கம் தெரிந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

அதன் பிறகு வீடு முன்புபோல் இல்லை. அதே வீடுதான். அதே பளபளக்கும் பைன் மரத் தரை, அதே உயரமான கண்ணாடிகள், சமையலறையில் பனிக்கட்டி இயந்திரம் சிறிது நேரத்துக்கு ஒருமுறை கட்டிகளைக் கொட்டும் அதே சத்தம். ஆனால் ஒவ்வொரு முறை கட்டிகள் சரிந்து விழும்போதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டுவது போலிருந்தது; நான்கு மாடியும் ஏறி இறங்கி எல்லாக் குழாய்களையும் திருகிப் பார்த்தாள், எதுவும் சொட்டவில்லை. சேற்று வாடை மட்டும் மேலேறிக்கொண்டே வந்தது. வெளியே கடல் ஏறத் தொடங்கியிருக்கும் நேரம். தண்ணீர் ஏறினால் அந்த வாடை அடங்க வேண்டும். அடங்கவில்லை.

மூன்றேகாலுக்கு மேவிஸ் கூப்பிட்டாள்.

மேவிஸ் ஒடெஸாவின் சித்தி மகள். சித்தி இறந்தபோது மேவிஸுக்கு வயது ஒன்பது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில், ஒரு போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். வயதில் நான்கு மாதம்தான் வித்தியாசம். ஆனாலும் மேவிஸைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று ஒடெஸா அந்த வயதிலேயே எடுத்துக்கொண்டுவிட்டாள். இன்றுவரை இறக்கி வைக்கவில்லை.

"வழியில இருக்கிற டப்ளின் ஊரைத் தாண்டிட்டோம்டி! டோனெல் ஓட்டுற ஓட்டுக்கு உயிரோட வந்து சேர்ந்தா பார்க்கலாம்." பின்னால் பாட்டும் கூச்சலும் கேட்டன. "ஆமா, என்னமோ குரூப்ல யூலாலி யாருன்னு கேட்டியாமே? அவ முகமே வாடிப்போச்சு. விளையாட்டுக்குன்னாலும் அப்படியா கேப்ப?"

"மேவிஸ், எனக்கு நிஜமாவே அப்படி யாரையும் தெரியாது."

"ஓக்மல்கி ஆத்துல நான் முழுகினப்போ என்னை இழுத்துப் போட்டவளைத் தெரியாதா உனக்கு?"

ஒடெஸா மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். "நான்தானேடி இழுத்துப் போட்டேன்."

"நீ கரைல நின்னு அழுதுட்டு இருந்த." மேவிஸ் கோபமில்லாமல், ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "அதுல ஒண்ணும் தப்பில்ல டெஸ். நமக்குப் பதிமூணு வயசு. நீ பயந்துட்ட. யூலாலிதான் குதிச்சா. பாறை கிழிச்சு அவ காலெல்லாம் ரத்தம். அம்மா செத்தப்போ ராத்திரியெல்லாம் என் தலையைத் தடவிட்டு இருந்ததும் அவதான். நீ தூங்கிட்ட. சின்னப் பொண்ணுதானே நீயும்."

போன் துண்டித்த பிறகு ஒடெஸா கால்சட்டையின் இடது காலை முட்டிவரை சுருட்டினாள். ஆற்றுப் பாறை கிழித்த தழும்பு, முழங்காலுக்குக் கீழே விரல் நீளத்துக்கு, வெளுத்து மேடாக இருக்கும். குளிர்காலத்தில் அரிக்கும். இருபது வருடமாகச் சவரம் செய்யும்போதெல்லாம் கத்தியை ஒதுக்கிக் கொண்டுபோகும் இடம்.

தோல் வழுவழுவென்றிருந்தது.

வலது காலாக இருக்கும் என்று அதையும் சுருட்டினாள். இல்லை. இரண்டு கால்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். எந்தக் கால் என்றே இப்போது சந்தேகமாகிவிட்டது. எந்தப் பாறை? தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது? நினைத்துப் பார்த்தாள். கரையிலிருந்து பார்ப்பது போலத்தான் எல்லாம் நினைவுக்கு வந்தது.

அந்தக் குழுவில் இல்லாத ஒருவரிடம் பேச வேண்டும் என்று பட்டது. மேவிஸைக் கட்டிக்கொள்ளப் போகும் லமாரைக் கூப்பிட்டாள். தீயணைப்புத் துறையில் இருப்பவன், எளிதில் பதறாதவன். அவள்தான் அவர்கள் இருவரையும் ஒரு சர்ச் விருந்தில் மீன் வறுவல் தட்டோடு அறிமுகப்படுத்தி வைத்தவள்.

"லமார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். யூலாலியைத் தெரியுமா உனக்கு?"

"யூலாலியா? யாரு அது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "திரும்பச் சொல்லு," என்றாள்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது டெஸ். கல்யாணத்துக்குக் கூப்பிட்டவங்க லிஸ்ட்லயும் கிடையாது. ஏன், என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "வண்டில யாரோ அந்நிய ஆள் ஏறியிருக்குற மாதிரி இருக்கு," என்றான். "நான் மேவிஸைக் கூப்பிட்டு, ஏதாவது பெட்ரோல் பங்க்ல நிறுத்தச் சொல்றேன். பேசிட்டு உனக்குச் சொல்றேன். பயப்படாத."

பதினோரு நிமிடம். போன் திரையைப் பார்த்தபடியே அவள் கூடத்தில் நடந்தாள். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பனிக்கட்டிகள் சரிந்தன. போன் அடித்தது.

"டெஸ்." லமாரின் குரல் தூக்கத்திலிருந்து எழுந்தவன் குரல் போல இழுபட்டது. "ஸாரி டெஸ். எனக்கு என்னமோ மூளையே வேலை செய்யல. யூலாலியைப் போய் எப்படி மறந்தேன்? எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சதே அவதானே."

"லமார்! நான்தான் உங்களை..."

"அவகிட்டயே பேசினேன். உன்னை நினைச்சுத்தான் கவலைப்படுறா. அவ்ளோ பெரிய வீட்டுல டெஸ் தனியா இருக்காளே, வேகமா ஓட்டுங்கன்னு சொல்றா. பாவம், உன்மேல அவளுக்கு எவ்வளவு பாசம்."

போன் அவள் கையிலிருந்து நழுவித் தரைவிரிப்பில் விழுந்தது. அங்கேயே கிடந்து ஒருமுறை அதிர்ந்தது. குழுவில் டோனெல் ஒரு படம் போட்டிருந்தாள். 'மெட்டர் ஊரும் தாண்டியாச்சு. எங்க செல்லங்க ரெண்டும் தூங்குதுங்க.'

ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்னால் திரும்பி, வேனின் உட்புறத்தை எடுத்த படம். எங்கேயோ நிறுத்தியிருக்கிறார்கள். பின்வரிசையில் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு கையசைத்தார்கள். நடுவரிசையில் ஒருத்தி கதவோடு ஒட்டி, இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருக்கை காலி. ஆனால் அந்தக் காலி இருக்கையின் பெல்ட் பூட்டியிருந்தது. தொங்கவில்லை. முன்னால் புடைத்து, இறுகி, எதையோ சுற்றி வளைந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் மேவிஸ். கண்கள் மூடியிருந்தன. தலை காலி இருக்கையின் பக்கம், வெறும் காற்றில் சாய்ந்திருந்தது. விழவில்லை. ஒரு தோள்மேல் அழுந்தியது போலக் கன்னம் தட்டையாகியிருந்தது. அந்தப் பக்கத்துத் தலைமுடி மட்டும் நனைந்து, கன்னத்தில் ஒட்டியிருந்தது.

ஒடெஸா படத்தைப் பெரிதாக்கினாள். உடனே சிறிதாக்கினாள்.

மேவிஸைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். ஐந்தாவது முறை எடுத்தாள், தூக்கக் குரலில்.

"மேவிஸ், நான் சொல்றதை மட்டும் செய். ஒண்ணும் கேக்காத. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பாரு."

"என்னடி..."

"பாரு. கண்ணால பாரு. அவ கண்ணு என்ன கலருன்னு சொல்லு."

வேனின் இரைச்சல். டயர்களுக்கு அடியில் சாலையின் ஒரே சீரான ஓசை. மேவிஸின் மூச்சு. அந்த மூச்சு நின்றது.

"டெஸ்." மிகச் சிறிய குரல். ஒன்பது வயதுக் குரல். "டெஸ், இவளுக்கு..."

"வண்டியை நிறுத்தச் சொல்லு! மேவிஸ், இறங்கு! இறங்கி ஓடு!"

எதிர்முனையில் ஈரமான ஏதோ ஒன்று மெதுவாக நகரும் சத்தம். பிறகு மேவிஸ் சிரித்தாள். வழக்கமான, வாய்விட்ட சிரிப்பு. "போடி லூசு. கல்யாணப் பொண்ணைப் போய் பயமுறுத்துற. யூலாலி அப்பவே சொன்னா, நீ இப்படி ஏதாவது பண்ணுவேன்னு. பொறாமைடி உனக்கு." குரல் கனிந்தது. "பரவால்ல. அவ கோவிச்சுக்கல. வந்து உன்னைக் கட்டிப்புடிக்கணுமாம்."

அதற்குப் பிறகு யாரும் போனை எடுக்கவில்லை.

ஒடெஸா கார் சாவியைத் தேடி எடுத்தாள். கைப்பையை மாட்டினாள். தெருக்கதவைத் திறந்து இரும்புப் படிகளில் இறங்கினாள். கார் எதிரிலேயே நின்றது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினால், பத்து நிமிடத்தில் ஊரைத் தாண்டிவிடலாம். அரை மணியில் மாநில எல்லையையும் தாண்டிவிடலாம். அது தன்னைத் தேடி வருகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தன் குரல், தன் தழும்பு, தன் ஆறு. எல்லாம் எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது இந்த உடம்புதான். அது கிடைக்காவிட்டால்?

மேவிஸ் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

காரின் கூரைமேல் முதல் மழைத்துளிகள் விழுந்தன. அவள் கார்க் கதவின் கைப்பிடியில் கை வைத்தபடியே நின்றாள். அந்த ஒன்பது வயதுக் குரல் காதை விட்டுப் போகவில்லை. டெஸ், இவளுக்கு. கையை எடுத்தாள். திரும்பிப் படியேறி, வாசல் மேடையில் நின்றுகொண்டாள்.

மணி ஐந்தரை. மேகத்தால் அந்தி முன்னதாகவே இறங்கியிருந்தது. சதுக்கத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசிக் குதிரை வண்டி வந்தது. சரியாக அந்த வீட்டுக்கு முன்னால் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரன் கடிவாளத்தைச் சுண்டினான். அது தலையை உலுக்கிப் பின்வாங்கியது. கடைசியில் அவன் இறங்கி, அதன் கண்ணைக் கையால் மறைத்து, தெருவின் மறு ஓரமாக நடத்திக்கொண்டு போனான்.

குளிரும், யூலாலிக்குக் குளிர் ஆகாது, கணப்பைப் போட்டு வைக்க வேண்டும் என்று ஒடெஸா நினைத்தாள்.

நினைத்தது அவள்தான். அவள் மனதில், அவளுடைய சொற்களில்.

அதைக் கேட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லை. எனக்கு அவளைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியாது. சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல, உதடுகளுக்கு அடியில் வேறொன்று ஊறியது. கட்டிலின் சுவரோரத்தில் எப்போதும் படுக்கும் ஒருத்தி. மூன்றாவது தலையணை. குளிர்ந்த பாதங்கள்.

எட்டு, என்றாள் சத்தமாக. நாங்கள் எட்டுப் பேர்.

வேன் தெருமுனையில் திரும்பியது.

மெதுவாக வந்தது. பின்பக்கம் தரையை உரசும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. வீட்டுக்கு எதிரில் நின்றது. பாட்டு நின்றது. கதவு சறுக்கித் திறந்தது. உள்ளேயிருந்து வாடை வந்தது. சேறு. அழுகிய நாணல். அதற்கும் கீழே, இனிப்பாக ஏதோ.

டோனெல் இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்கள். ஒவ்வொருத்தியாகப் படியேறி வந்து கட்டிக்கொண்டார்கள். "டெஸ்! வீடு எவ்ளோ அழகுடி!" எல்லோர் சட்டையிலும் ஒரு பக்கம் ஈரம். ஐந்து. ஆறு. கடைசியாக மேவிஸ். அவள் உடம்பு கதகதப்பாக இருந்தது. ஒடெஸா அவளை விடாமல் இறுக்கிக்கொண்டாள். ஏழு. அவ்வளவுதான். வேன் காலி. கதவு திறந்தபடி, உள்விளக்கு எரிந்தபடி, ஒரு இருக்கையிலும் ஆளில்லாமல், காலி.

ஒரு மூச்சு வெளியே வந்தது அவளுக்கு.

அப்போது ஏழு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒன்றாகப் படியிறங்கி வேனுக்குப் போனார்கள்.

"மெதுவா, மெதுவா," என்றாள் டோனெல், உள்ளே கையை நீட்டி. இன்னொருத்தி குனிந்து, இல்லாத ஒரு பாவாடையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்கள் வழிவிட்டு நின்றார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கிற முகங்கள். ஏழு முகமும் ஒரே மாதிரி.

வேனின் சுருள்வில்கள் முனகின. வண்டி ஒரு முழம் மேலே எழுந்தது.

நடைபாதையில் நனைந்த இலைகள் அமுங்கின. ஒரு இடத்தில். பிறகு இன்னொரு இடத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதக் கால் எட்டாத தூரம்.

முதல் படி கிறீச்சிட்டது.

இரண்டாவது.

மழை அங்கே மட்டும் நேராக விழவில்லை. எதன்மேலோ பட்டு வழிந்தது. உயரமாக. மிக உயரமாக.

"என்னடி அப்படியே நிக்கிற?" மேவிஸ் பக்கத்தில் வந்து நின்றாள். உதடுகள் சிரித்தன. கண்கள் சிரிக்கவில்லை. அவை ஒடெஸாவை விட்டு அகலாமல், இமைக்காமல், நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. "கட்டிப்புடி அவளை. இல்லன்னா என்னைத்தான் கட்டிப்புடிப்பா."

மழை வழிந்த அந்த உயரம் படியில் நின்றது. மேவிஸின் பக்கம் திரும்பியது.

ஒடெஸா நடுவில் வந்து நின்றாள். கைகளை விரித்தாள்.

கனம். ஈரக் கனம். கழுத்தில் குளிர்ந்த முடி வந்து படிந்தது. விலா எலும்புகளின்மேல் இரண்டு கைகள் ஊர்ந்து, முதுகுக்குப் பின்னால் போய், ஒன்றையொன்று கடந்தன. நிற்கவில்லை. மறுபடியும் முன்னால் வந்தன. வயிற்றின்மேல் குறுக்காகப் போயின. மறுபடியும் பின்னால்.

"எல்லாரும் இங்க பாருங்கடி," என்றாள் டோனெல், போனை உயர்த்திப் பிடித்து. "சிரிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கைகள் மூன்றாவது சுற்றாக முன்னால் வந்தன.